வெள்ளிக்கிழமை யாரும் மிஸ்டு கால் கொடுக்காதீர்கள்

தோஹாவில் நஜ்மா பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நாங்கள் எட்டு ஆண்கள் ஒரே ரூமில் இருந்தோம். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு பாத்ரூம், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு கம்ப்யூட்டர், ரூம் போன் என்று ஒரு பழைய செல்போன். பாத்ரூமுக்கு யாரும் பொறுப்பில்லை. உள்ளே போனால் உடனே தெரியும். ரூம் போனுக்கு நான் பொறுப்பு.

யாரும் என்னை நியமிக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். சைட்டில் நான் டைம்கீப்பர். முந்நூறு பேர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. ஏழு மணிக்கு வரவேண்டியவன் ஏழு இரண்டுக்கு வந்தால் அவனை விட எனக்குத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஆள் விடுமுறை நாளில் மட்டும் சும்மா இருப்பானா?

வெள்ளிக்கிழமை காலைதான் எல்லோரும் வீட்டுக்குப் பேசும் நேரம். ஊரிலிருந்து அவர்கள் கூப்பிட்டால் காசு தண்ணீராகப் போகும். நாங்கள் கம்ப்யூட்டரில் நெட் போன் வழியாகக் கூப்பிட்டால் கிட்டத்தட்ட ஓசி. ஆகவே ஊரிலிருந்து ரூம் போனுக்கு ஒரு மிஸ்டு கால் வரும். நாங்கள் தயார், கூப்பிடுங்கள் என்று அதற்கு அர்த்தம். அப்போதெல்லாம் ஊரிலிருந்து வரும் அழைப்பில் எண் ஒழுங்காக விழாது. அடித்தது யார் வீடு என்று கண்டுபிடிக்க நான் ஆளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு மிஸ்டு காலும் வந்த நேரத்தை எழுதி வைப்பேன். காலை ஏழு முதல் ஏழு இருபது வரை வந்தால் புதுக்கோட்டை புதுமாப்பிள்ளையின் மனைவி. அடுத்தது ராமேஸ்வரத்துக்காரன் வீடு. இப்படியே போகும்.

இதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ரூம் போன் அடித்தால் யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அங்கே காசு போச்சு. ஒருமுறை ஒருத்தன் தூக்கக் கலக்கத்தில் எடுத்து ஹலோ சொல்லித் தொலைத்தான். அவனை ஒரு வாரம் எல்லோருடைய தட்டையும் கழுவ வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் போனில் யாரும் வாயைத் திறந்ததில்லை. ஜன்னல் பக்கம் ஆணியில் தொங்கும், அடிக்கும், நிற்கும். எட்டுப் பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

எங்கள் எட்டுப் பேரில் ஒருவர் மன்னார்க்காரர். இலங்கைத் தமிழர், எலக்ட்ரீஷியன், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவரோ எல்லோரையும் 'தம்பி, வாங்கோ, இருங்கோ' என்று மரியாதையாகப் பேசுவார். மற்றவர்களை 'டேய்' போட்டே பழகிய எனக்கு அவரிடம் பேசினால் மட்டும் நாக்கு தானாகவே சட்டை போட்டுக்கொள்ளும்.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் அது. அங்கே சண்டை திரும்பவும் மூண்டிருந்தது. அண்ணனின் மனைவி, எட்டு வயது மகள், மாமனார் மூவரும் வீட்டை விட்டு ஓடி ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஷெல் விழுந்தது. மனைவிக்கு வலது முழங்கையில் சிதறல் பாய்ந்தது. மாமனாருக்குக் கெண்டைக்காலில். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. கையாவது கட்டுப் போட்டு ஆறிக்கொண்டு வந்தது. காலுக்கு மருந்து கிடைக்கவில்லை, புண் மோசமாகிக்கொண்டே போனது. இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காருவார், பிசைவார், எழுந்து போய்விடுவார்.

எனக்குக் கோபம் வந்தால் திட்டத் தெரியும். துக்கம் வந்தால் என்ன செய்வதென்று தெரியாது. ஆகவே ஒரு அட்டவணை போட்டேன்.

விஷயம் இதுதான். மூவரும் வியாழன் இரவு படகேறித் தமிழ்நாட்டுக்குத் தப்பி வருவது என்று முடிவாகியிருந்தது. மன்னாரிலிருந்து படகு பிடித்து வருகிறவர்களைப் படகுக்காரர்கள் கரை வரைக்கும் கொண்டு வருவதில்லை. தனுஷ்கோடிக்கு அப்பால் கடலுக்கு நடுவே வரிசையாக மணல் திட்டுகள் இருக்கின்றன. தீடை என்பார்கள். முதலாம் தீடை, இரண்டாம் தீடை என்று கணக்கு. ஏதாவது ஒரு தீடையில் இறக்கிவிட்டு, 'இது இத்தனையாவது தீடை' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மரமில்லை, நிழலில்லை, நல்ல தண்ணீர் இல்லை. யாராவது மீனவர் கண்ணில் பட்டால் பிழைப்பு. சிலர் இரண்டு நாள்கூட அங்கேயே கிடந்திருக்கிறார்கள்.

எங்கள் ராமேஸ்வரத்துக்காரன் ஏ.சி. மெக்கானிக்தான், ஆனால் அவன் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள்.

"அண்ணே, எங்க மச்சான்கிட்ட நாட்டுப்படகு இருக்குண்ணே. எந்தத் தீடைன்னு மட்டும் சொன்னா போதும், போயித் தூக்கிட்டு வந்து கரையில போலீசுகிட்ட ஒப்படைச்சிருவாப்ல. அங்கிட்டு இருந்து மண்டபம் அகதி கேம்ப். ஆனா எல்லாத் தீடையையும் தேடிட்டு இருக்க முடியாது. டீசலும் பத்தாது, நேவிக்காரனும் விடமாட்டான்."

ஆக, எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு எண். அதை எப்படித் தெரிந்துகொள்வது? அண்ணனின் மனைவியிடம் ஒரு போன் இருந்தது. கரண்ட் இல்லாத ஊரில் டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் ஏற்றிய போன். பத்து இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. வெளிநாட்டுக்குப் பேச அதில் காசும் இல்லை. நாங்கள் இங்கிருந்து கூப்பிட்டால் ஐம்பது தடவைக்கு ஒரு தடவைதான் லைன் கிடைக்கும். எஸ்.எம்.எஸ். அனுப்பலாமே என்பீர்கள். அங்கிருந்து அனுப்பியது எதுவும் எங்களுக்கு வந்ததில்லை. ஒன்றே ஒன்று வந்தது, அதுவும் நாலு நாள் கழித்து. ஆனால் மிஸ்டு கால் மட்டும் எப்படியோ வந்துவிடும்.

எத்தனையாவது தீடையோ அத்தனை மிஸ்டு கால். இது என் யோசனை. கடைசியாக அவர்கள் பேசக் கிடைத்த அன்று அண்ணன் கம்ப்யூட்டர் ஹெட்போனைக் காதில் பிடித்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை, தோஹா நேரம் ஏழு மணிக்குப் போனைப் போட வேண்டும். ஊரில் அப்போது ஒன்பதரை. மச்சானும் இரவு வலையை முடித்துக் கரைக்கு வந்திருப்பார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் போனை அணைத்துவிட வேண்டும்.

"அவளுக்குக் கை ஏலாது, பிள்ளைதான் அடிக்கும்" என்றார் அண்ணன். "இடைவெளிக்கு என்ன செய்யிறது தம்பி? பிள்ளைக்கு மணிக்கூட்டில நிமிசம் பார்க்கத் தெரியாது."

பிறகு அவரே மனைவியிடம், "ஒரு பத்துமணி செபம் சொல்லி முடிச்சிட்டு அடுத்ததை அடிக்கச் சொல்லும்" என்றார். அவர்கள் கத்தோலிக்கர்கள். செபமாலையில் பத்து மணி. மற்ற ஏழு பேரும் இந்துக்கள், எங்களுக்கு அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆனால் நல்ல ஏற்பாடு என்று தலையாட்டினோம்.

எல்லாம் முடிந்து போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கொடுத்த எண், ரூம் போன் எண். நான் கொடுத்த நேரம், வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. புதுக்கோட்டை முதல் ராமேஸ்வரம் வரை அத்தனை வீடும் மிஸ்டு கால் கொடுக்கக் காத்திருக்கும் அந்த நேரத்தை விட்டால் வாரத்தில் வேறு நேரமே கிடைக்கவில்லையா எனக்கு? மாற்றிச் சொல்லவும் வழியில்லை, அங்கே போன் அணைந்துவிட்டது. என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

சரி, அதனால் என்ன, வியாழக்கிழமையே எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டால் போச்சு. அண்ணன் தவிர மற்ற எல்லோரையும் வரிசையில் உட்கார வைத்து ஒவ்வொருவரையும் வீட்டுக்குக் கூப்பிட வைத்தேன். 'நாளைக்கு யாரும் மிஸ்டு கால் கொடுக்காதீர்கள், நாங்களே கூப்பிடுகிறோம்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். காரணம் சொல்லக் கூடாது, ஊரெல்லாம் பரவி யார் காதுக்கும் போய்விடக் கூடாது.

வளைகுடாவில் கணவன் இருக்கும் ஒரு பெண்ணிடம், காரணம் சொல்லாமல், 'நாளைக்கு மிஸ்டு கால் கொடுக்காதே' என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினோரு வருடம் கல்யாணம் ஆனவன் நான்.

ஒரு வீட்டில் வேலை போய்விட்டதா என்று அழுதார்கள். இன்னொரு வீட்டில், "போலீஸ்ல புடிச்சிட்டாங்களா, உண்மையச் சொல்லு" என்றார்கள். ராமேஸ்வரத்துக்காரனின் அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும், ஆனாலும் அவர் பழக்கதோஷத்தில் மகன் சாப்பிட்டானா என்று மூன்று முறை கேட்டார். புதுமாப்பிள்ளை கல்யாணமாகி நாற்பத்தோரு நாளில் விமானம் ஏறியவன். அவன் காதில் ஒலித்த கேள்வி ரூம் முழுக்கக் கேட்டது.

"யாருங்க அவ?"

நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் போனோம். அண்ணன்கூட அன்று முதல்முறையாகச் சிரித்தார். என் மனைவி மட்டும் எதுவுமே கேட்கவில்லை. 'சரிங்க' என்று சொல்லி வைத்துவிட்டாள். பார்த்தீர்களா, இதுதான் வளர்ப்பு என்று நான் புதுமாப்பிள்ளைக்குப் பாடம் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே எல்லோரும் குளித்து, ஏதோ கோயிலுக்குப் போவதுபோல் தலைவாரி, ஜன்னலைச் சுற்றி உட்கார்ந்தோம். நோட்டு என் மடியில். சைட்டில் கட்டும் கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்திருந்தேன். அண்ணன் கட்டிலின் ஓரத்தில், கையில் செபமாலை. அந்த நேரத்தில் கடலுக்கு நடுவே அந்த மணலில் அவர்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒன்பதரை மணி வெயில். கால் புண்ணோடு ஒரு கிழவர். கையில் என்ன தண்ணீர் இருக்கும்?

ஏழு இரண்டுக்கு ஒரு மிஸ்டு கால். "வந்திட்டினம்!" என்று அண்ணன் எழுந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினோம். ஏழு நாலுக்கு ஒன்று. மறுபடி கைதட்டல். ஏழு ஏழு. ஏழு எட்டு. ஏழு எட்டுக்கே இன்னொன்று. இப்போது கைதட்டல் குறைந்தது. ஏழு பத்து. ஏழு பதினொன்று. ஏழு பதிமூன்று. ஒவ்வொரு முறையும் போன் ஒரு துடி துடித்து அடங்கும், நான் எழுதுவேன், மற்றவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஏழு பதினாறு, ஏழு பதினேழு, ஏழு இருபது.

மொத்தம் பதினொன்று.

"பதினோராந் தீடைன்னு ஒண்ணு கெடையாதுண்ணே" என்றான் ராமேஸ்வரத்துக்காரன் மெதுவாக.

அண்ணனின் மனைவி எண்ணுக்கு நெட் போனில் அடித்துப் பார்த்தோம். அணைத்துவிட்டார்கள். சொன்னபடியே செய்திருக்கிறார்கள், பாவம். சொன்னபடி செய்யாதவர்கள் எங்கள் வீட்டுக்காரர்கள்தான். கொடுக்காதே என்று சொன்னதால், ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்பதற்காக மிஸ்டு கால் கொடுத்திருக்கிறார்கள்! எனக்கு வந்த கோபத்துக்குப் புதுமாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் பொண்டாட்டிதாண்டா! ஏழு மணி ஸ்லாட் உன்னுது. ஒரு மனுஷன் குடும்பம் நடுக்கடல்ல கெடக்குது, உங்களுக்கு யாரு அவ, எவ அவன்னு ஆராய்ச்சி!"

அவன் அழுதேவிட்டான். அண்ணன்தான் நடுவே வந்தார். "விடுங்கோ தம்பி. அந்தப் பிள்ளையில பிழையில்லை" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நோட்டை மடித்து வைக்கப் போனேன். அப்போதுதான் என் தொழில் எனக்கு உதவிக்கு வந்தது. முந்நூறு பேரின் வருகையில் யார் யாருக்காகக் கார்டு அடித்தான் என்று நேரத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவன் நான். வீட்டுக்காரிகள் அடிக்கும் மிஸ்டு கால் மனம் போன போக்கில் வரும். செபம் சொல்லி அடிப்பது அப்படி வராது, ஒரே அளவில் வரும்.

"அண்ணே, அந்தப் பத்துமணிய இப்பச் சொல்லுங்க. நேரம் பாக்குறேன்."

அவர் கண்ணை மூடி, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு மணியாக உருட்டி மரியன்னையின் செபத்தைச் சொன்னார். ஏழு இந்துக்கள் கைகட்டி நின்றோம். ஐந்து நிமிடம் ஆனது. நோட்டைப் பார்த்தேன். ஐந்து நிமிட இடைவெளியில் வரிசையாக எதுவும் வரவில்லை. அண்ணன் முகம் விழுந்துவிட்டது.

பிறகு திடீரென்று அவரே நிமிர்ந்தார். "தம்பி, நான் சொன்ன மாதிரி என்ர பிள்ளை சொல்லாது. கோயில்லயே அவ கடகடவெண்டு சொல்லிப்போட்டு விளையாடப் போயிடுவா. சிஸ்டரிட்ட எத்தினை அடி வாங்கினவ!"

"அப்ப அவ மாதிரி சொல்லுங்க!"

அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நாற்பத்தைந்து வயது மனிதர், எட்டு வயது மகளைப் போல, மூச்சு விடாமல், சொற்களை விழுங்கி, தலையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய நின்றோம். சிரிப்பால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை அது. முடித்ததும் பார்த்தேன். இரண்டே முக்கால் நிமிடம். எண்ணை அழுத்தும் நேரத்தையும் சேர்த்தால் மூன்று.

ஏழு நாலு. ஏழு ஏழு. ஏழு பத்து. ஏழு பதிமூன்று. ஏழு பதினாறு!

"அஞ்சு!" என்று கத்தினேன். "அஞ்சாந் தீடை!"

"மச்சானுக்குச் சொல்லிரவாண்ணே?" ராமேஸ்வரத்துக்காரன் கம்ப்யூட்டர் பக்கம் தாவினான்.

அப்போது புதுமாப்பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "கடைசி ஒண்ணு வேற வீட்டுதா இருந்தா?" என்று கேட்டான். எல்லோரும் அப்படியே நின்றோம். உண்மைதானே? நாலாவதாக இருந்து, பதினாறாம் நிமிடத்தில் எவளோ ஒருத்தி தற்செயலாக அடித்திருந்தால்? நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே நிறைய கடல் இருக்கிறது.

ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு விசாரணை ஆரம்பித்தோம். யாரும் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. நேரத்தைச் சொல்லி மடக்கியதும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். புதுமாப்பிள்ளையின் மனைவி முதலில் அடிக்கவே இல்லை என்றாள். பிறகு ஒன்று என்றாள். பிறகு விசும்பிக்கொண்டே நாலு என்றாள். ஊர் நேரத்தை எங்கள் நேரமாக மாற்றினால் ஏழு இரண்டு, ஏழு எட்டுக்கு இரண்டு, ஏழு பதினேழு. "சாமி சத்தியமா ஒம்பது நாப்பத்தாறுல இல்லைங்க, அப்ப நான் பால் வாங்கப் போயிருந்தேன்." பதினொன்று ஒரு வீட்டில், இருபது இன்னொரு வீட்டில் என்று கணக்குத் தீர்ந்தது. பதினாறை மட்டும் யாரும் ஏற்கவில்லை.

"அப்ப அஞ்சுதான்" என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். "என்னடா?"

"உங்க வீட்ல கேக்கலையேண்ணே" என்றான் புதுமாப்பிள்ளை.

"என் வீட்டுல அதெல்லாம் கிடையாது" என்றேன். ஆனாலும் கூப்பிட்டேன், இவர்கள் வாயை அடைக்க. மனைவி எடுத்தாள். ஊர் நேரம் ஒன்பது நாற்பத்தாறுக்கு மிஸ்டு கால் கொடுத்தாயா என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க குடுத்தேன்" என்றாள். "ரிங் போச்சு. உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சுது. வச்சுட்டேன்."

ரூமே வெடித்துச் சிரித்தது. புதுமாப்பிள்ளை கட்டிலில் விழுந்து புரண்டான். அவளைத் திட்டவும் தோன்றவில்லை. 'சரி, சரி, நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லி வைத்தேன்.

"நாலு" என்றேன். "நாலாந் தீடை. யல்லா, சீக்கிரம், மச்சானுக்குச் சொல்லு."

மச்சான் தனுஷ்கோடியில் ஒரு குடிசை வாசலில், போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உயரமான கம்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அங்கே அப்படித்தான் சிக்னல் வரும். ராமேஸ்வரத்துக்காரன் கூப்பிட்டதும் எடுத்தார். "நாலா? உறுதியா?" என்று கேட்டார். "உறுதி மச்சான், பொண்டாட்டிகள எல்லாம் விசாரிச்சாச்சு" என்றான் இவன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் படகு கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் உண்மையான காத்திருப்பு. செய்ய ஒன்றுமில்லை. எனக்கு அட்டவணை போடவும் எதுவும் இல்லை. ஒருவன் வெங்காயம் நறுக்கினான். இன்னொருவன் அதையே மறுபடி நறுக்கினான். எங்கள் கணக்கு தப்பாக இருந்து, நாலாந் தீடையில் வெறும் மணல் மட்டும் இருந்தால்? மச்சான் திரும்பிவிடுவார், இன்னொரு நாள் கழித்துப் போனால் என்ன கிடக்கும் அங்கே? சிரித்த சிரிப்பெல்லாம் இப்போது குற்றம்போல் உறுத்தியது. அண்ணன் செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார். மதிய வெயில் ஜன்னலில் ஏறியது. தோஹா வெயில் பட்டாலே நான் அந்த மணலைத்தான் நினைத்தேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு ரூம் போன் அடித்தது.

எட்டுப் பேரும் அதைப் பார்த்தோம். அது அடித்தது. நான் பென்சிலை எடுத்து நேரத்தை எழுதினேன். இன்னும் அடித்தது. ஆணியில் தொங்கியபடி துடித்து, திரும்பி, சுவரில் முட்டி முட்டி அடித்தது. பிறகு நின்றது.

"ஒண்ணு" என்றான் ஒருவன்.

திரும்பவும் அடித்தது. எட்டு ரிங், ஒன்பது ரிங். எட்டு ஆண்கள் கைகட்டிக்கொண்டு நின்றோம். நின்றது. "ரெண்டு" என்றான் அவனே. ரெண்டு என்றால் என்ன அர்த்தம்? ரெண்டாந் தீடையா? ஆளில்லையா? மச்சானின் குறியீடு ஒன்றும் நாங்கள் பேசி வைக்கவில்லையே என்று நான் மூளையைப் போட்டுக் குடைந்தேன்.

மூன்றாம் முறை அடித்தபோது எனக்கு மண்டையில் உறைத்தது. மிஸ்டு கால் கொடுப்பவர்கள் இவ்வளவு நேரம் அடிக்க விடமாட்டார்கள்.

"அண்ணே!" என்று அலறினேன். "எடுங்கண்ணே! எடுங்க! இது மிஸ்டு கால் இல்ல!"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். எடுக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிற பார்வை அது. அந்த மனிதர் தன் குடும்பத்தின் போனை எடுக்க என் சட்டத்துக்குப் பயந்து நின்றார். அந்த நிமிடம் நான் என்னையே வெறுத்தேன். நானே பாய்ந்து போனை ஆணியிலிருந்து பிடுங்கி, பட்டனை அழுத்தி, அவர் காதில் வைத்தேன்.

ரூமில் ஒரு சத்தமில்லை. அதனால் அந்தச் சின்னக் குரல் எங்கள் எல்லோருக்குமே கேட்டது. கோபமான குரல்.

"அப்பா, ஏன் எடுக்கேல்லை? நான் எத்தினை தரம் அடிக்கிறது? இது படகு மாமாட போன், அவர் காசு போட்டுத் தந்தவர். அம்மா இருக்கிறா. தாத்தாவுக்கு இங்க காலுக்கு மருந்து போடுகினம்."

அண்ணன் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். நாங்கள் கத்திய கத்தலில் கீழேயிருந்து பட்டான் வாட்ச்மேன், "பாய், க்யா ஹுவா? க்யா ஹுவா?" என்று, என்ன ஆனதோ என்ற பயத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தான். புதுமாப்பிள்ளை அவனைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டான். ராமேஸ்வரத்துக்காரன், வெங்காயத்தில் ஒரு கையும் என் தோளில் ஒரு கையுமாகக் குதித்தான். இவ்வளவு கூச்சலுக்கு நடுவே அந்தப் பிள்ளை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்பா? நிக்கிறீங்களோ? நான் சரியாத்தானே அடிச்சனான்? நாலு தானே? ஒரு மணியும் விடாமச் சொன்னனான்."

"ஓம் பிள்ளை" என்றார் அண்ணன். "சரியா அடிச்சனீங்கள். எடுத்திட்டன். இனி எப்ப அடிச்சாலும் அப்பா எடுப்பன்."

அன்று மாலையே நான் அந்த நோட்டைக் குப்பையில் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரூம் போன் அடித்தபோது நான்தான் எடுத்தேன். புதுக்கோட்டையிலிருந்து புதுமாப்பிள்ளையின் மனைவி. நான் ஹலோ என்றதும் பயந்துபோய் உடனே வைத்துவிட்டாள்.